ஜாவா வலைச் செயலியிலிருந்து கோப்புகளைப் பதிவிறக்கத் தருதல்: முதல் பைட்டுக்கு முன்னும் பின்னும்

ஸ்கேன் செய்த பழைய நூல்களை உறுப்பினர்களுக்கு வழங்கும் ஒரு மின்னூலகச் செயலியை எடுத்துக்கொள்வோம். அதில் நாற்பது பக்கச் சிறுநூல்களும் இருக்கும், 300 மெகாபைட் அளவுள்ள பிடிஎஃப் தொகுதிகளும் இருக்கும். கோப்புகளின் பெயர்கள் தமிழில் இருக்கும். சில நூல்களை எவர் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். சிலவற்றை உள்நுழைந்த உறுப்பினர் மட்டுமே எடுக்கலாம். எடுப்பவர்களில் பலர் பேருந்திலோ ரயிலிலோ கைபேசி இணைப்பில் இருப்பார்கள். பதிவிறக்கம் பாதியில் நிற்பது அவர்களுக்கு அன்றாட அனுபவம். இத்தகைய செயலி ஒன்றை ஜாவாவில் எழுதிச் சில ஆண்டுகள் பராமரித்தவன் என்ற முறையில், கோப்பு வழங்குவதில் எங்கெல்லாம் கவனம் தேவை என்பதை இங்கே எழுதுகிறேன்.

ஒரு கோப்பைத் திறந்து அதன் பைட்டுகளை மறுமொழியில் எழுதும் நிரல் பத்து வரிகளுக்குள் அடங்கிவிடும். சோதனைக் கணினியில் அது ஒழுங்காகவும் ஓடும். சிக்கல்களில் பெரும்பகுதி அந்த வரிகள் எந்த வரிசையில் அமைகின்றன என்பதில் இருக்கிறது. ஹெச்டிடிபி மறுமொழியில் நிலைக் குறியீடும் (200, 404 போன்ற எண்) ஹெடர்களும் (மறுமொழியைப் பற்றிய தலைப்புத் தகவல்கள்) முதலில் செல்கின்றன. உடல் பகுதி அதன் பிறகே செல்கிறது. நாம் எழுதும் பைட்டுகளைச் சர்வ்லெட் கன்டெய்னர் (ஜாவா வலைச் செயலியை இயக்கும் மென்பொருள்) ஒரு பஃபரில், அதாவது தற்காலிக நினைவிடத்தில், சேர்த்து வைக்கிறது. டாம்கேட் என்ற கன்டெய்னரில் அதன் இயல்பான அளவு 8192 பைட். அந்தப் பஃபர் நிறைந்து முதல் தவணை வெளியேறிய கணத்தில் மறுமொழி கமிட் ஆகிவிடுகிறது. அதன் பிறகு 200 என்று சொன்னதை 404 என்று மாற்ற முடியாது, கோப்பின் பெயரைச் சேர்க்க முடியாது, பிழையை அறிவிக்க முயன்றால் இல்லீகல் ஸ்டேட் எக்செப்ஷன்தான் கிடைக்கும். ஆகவே நிரலை இரண்டு பாதிகளாக எண்ணிப் பார்ப்பது நல்லது. உரிமைச் சோதனை, கோப்பு இருக்கிறதா என்ற சோதனை, அளவு, வகை, பெயர், எந்தப் பகுதி வேண்டும் என்ற கணக்கு ஆகிய அனைத்தும் முதல் பைட்டுக்கு முன்னால் முடிந்துவிட வேண்டும். முதல் பைட்டுக்குப் பின்னால் ஒரே வேலைதான் உண்டு: பைட்டுகளை இடையூறின்றி ஓடவிடுவது.

கோப்பின் இருப்பிடமும் அடையாளமும்

கோப்புகளைச் செயலியின் வார் கோப்புக்குள்ளோ (செயலியை நிறுவுவதற்கான தொகுப்பு) டாம்கேட்டின் வெப்ஆப்ஸ் கோப்புறைக்குள்ளோ வைக்கக் கூடாது. புதிய பதிப்பை நிறுவும்போது விரித்து வைக்கப்பட்ட பழைய கோப்புறை அழிக்கப்படும். பயனர்கள் பதிவேற்றிய கோப்புகளும் அதனோடு போய்விடும். செயலியின் பொதுப் பகுதியில் இருக்கும் கோப்பு நேரடி முகவரியிலும் கிடைக்கும் என்பதால், நாம் எழுதிய உரிமைச் சோதனைக்கும் அங்கே பொருள் இல்லாமல் போகும். செயலிக்கு வெளியே ஒரு தனிக் கோப்புறையை ஒதுக்கி, அதன் முகவரியை அமைப்புக் கோப்பிலிருந்து படிப்பதே முறை.

அடுத்தது, எந்தக் கோப்பு வேண்டும் என்பதைப் பயனர் எப்படிச் சொல்கிறார் என்பது. முகவரியில் கோப்பின் பெயரையே வாங்கி, அதை அடிப்படைக் கோப்புறையின் பெயரோடு ஒட்டித் திறக்கும் நிரலை இன்றும் பல இடங்களில் பார்க்கிறேன். இரண்டு புள்ளிகளும் ஒரு சாய்கோடும் கொண்ட பாதையை அங்கே கொடுத்தால், கோப்புறையை விட்டு மேலே ஏறிக் கடவுச்சொல் கோப்பு வரை எவரும் போய்விடலாம். இதற்குச் சிறந்த தீர்வு, பயனரிடமிருந்து பெயரை வாங்காமலேயே இருப்பது. தரவுதளத்தில் ஒவ்வொரு நூலுக்கும் ஓர் அடையாள எண் இருக்கட்டும். முகவரியில் அந்த எண் மட்டும் வரட்டும். வட்டில் கோப்பு எந்தப் பெயரில் இருக்கிறது, பயனருக்கு எந்தப் பெயரில் காட்ட வேண்டும் என்ற இரண்டும் தரவுதளத்திலிருந்து வரட்டும். வட்டில் உள்ள பெயர் வெறும் எண்ணாகவோ யூயூஐடியாகவோ (தனித்துவ அடையாளக் குறி) இருப்பதே நல்லது. தமிழ்ப் பெயர்களைப் பொறுத்தவரை இதற்கு இன்னொரு காரணமும் உண்டு: லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் ஒரு பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது, யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் எடுப்பதால் 85 குறிகளிலேயே அந்த எல்லை வந்துவிடும். மெய்க்குப் புள்ளி ஒரு குறி, உயிர்மெய்யின் துணைக்கால் ஒரு குறி என்று எண்ணினால், நீண்ட நூல் தலைப்பு ஒன்று அதைக் கடப்பது எளிது.

பெயரை வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலை இருந்தால், பாத் வகுப்பின் ரிசால்வ் மெத்தடால் அடிப்படைக் கோப்புறையோடு சேர்த்து, நார்மலைஸ் செய்து, கிடைத்த பாதை அடிப்படைக் கோப்புறையில்தான் தொடங்குகிறதா என்று ஸ்டார்ட்ஸ்வித் மெத்தடால் சோதிக்க வேண்டும். இங்கே இரண்டு நுணுக்கங்களைக் கவனிக்க வேண்டும். முழுப் பாதை ஒன்று உள்ளீடாக வந்தால் ரிசால்வ் அடிப்படைக் கோப்புறையை ஒதுக்கிவிட்டு அந்த முழுப் பாதையையே திருப்பித் தரும். ஆகவே ஸ்டார்ட்ஸ்வித் சோதனையை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடக் கூடாது. அந்தச் சோதனையைச் சரங்களின் மீது செய்யாமல் பாத் பொருள்களின் மீதே செய்ய வேண்டும். நூல்கள் என்ற கோப்புறையின் பக்கத்தில் நூல்கள்-இரகசியம் என்று ஒன்று இருந்தால், சர ஒப்பீடு இரண்டையும் ஒன்றாகவே எண்ணிவிடும். குறியீட்டு இணைப்புகள் இருக்கக்கூடிய இடமாக இருந்தால், டு ரியல் பாத் மெத்தடால் உண்மைப் பாதையைப் பெற்ற பிறகே ஒப்பிட வேண்டும்.

அடையாள எண்ணைப் பயன்படுத்துவதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது. 1041 என்ற எண்ணை 1042 என்று மாற்றிப் பார்ப்பது எவருக்கும் தோன்றக்கூடியது. இந்த உறுப்பினர் இந்த நூலை எடுக்கலாமா என்ற கேள்வி ஒவ்வொரு கோரிக்கையிலும் கேட்கப்பட வேண்டும்; பக்கத்தில் பொத்தானை மறைத்து வைப்பது அதற்கு ஈடாகாது. ஒரு நூல் இருக்கிறது என்ற தகவலே இரகசியமாக இருக்க வேண்டிய இடத்தில், உரிமையற்றவருக்கு 403 தராமல் 404 தருவது சரி.

ஹெடர்களும், தமிழ்ப் பெயர் என்னும் பிரச்சினையும்

கன்டென்ட்-டைப் ஹெடருக்கான மதிப்பைக் கோப்பு பதிவேற்றப்படும்போதே தீர்மானித்துத் தரவுதளத்தில் சேமித்துவிடுவது நல்லது. ஃபைல்ஸ் வகுப்பில் உள்ள ப்ரோப் கன்டென்ட் டைப் மெத்தட் இயங்குதளத்தைப் பொறுத்து வெவ்வேறு விடை தரக்கூடும்; எழுதியவரின் கணினியில் பிடிஎஃப் என்று சொன்னது, சர்வரில் ஒன்றும் சொல்லாமல் வெற்று மதிப்பைத் (null) திருப்பலாம். வகை தெரியாத கோப்புக்கு அப்ளிகேஷன்/ஆக்டெட்-ஸ்ட்ரீம் போதுமானது. அதோடு எக்ஸ்-கன்டென்ட்-டைப்-ஆப்ஷன்ஸ் ஹெடரில் நோஸ்னிஃப் என்று எழுதி, உலாவி தானாக வகையை ஊகிப்பதைத் தடுக்க வேண்டும். பயனர்கள் பதிவேற்றிய ஹெச்டிஎம்எல், எஸ்விஜி கோப்புகளை உலாவிக்குள்ளேயே திறக்க விடுவது ஆபத்தானது: அவற்றுக்குள் இருக்கும் ஸ்கிரிப்ட் நம் தளத்தின் பெயரிலேயே ஓடும். அத்தகையவற்றை எப்போதும் அட்டாச்மென்ட் ஆகவே தர வேண்டும்.

கன்டென்ட்-லெங்த் இருந்தால்தான் உலாவி எத்தனை விழுக்காடு இறங்கியிருக்கிறது என்று காட்ட முடியும். பாதியில் அறுந்ததை முழுமை என்று எண்ணாமல் இருக்கவும் அதுவே உதவும். பழைய செட் கன்டென்ட் லெங்த் மெத்தட் இன்ட் என்ற முழு எண் வகையை வாங்குகிறது. அதன் உச்சம் 2147483647, அதாவது 2 ஜிகாபைட்டுக்கு ஒரு பைட் குறைவு. கோப்பின் அளவை இன்ட்டாக மாற்றி அனுப்பும் நிரல், அந்த எல்லையைத் தாண்டிய முதல் கோப்பில் எதிர்ம எண்ணையோ தவறான எண்ணையோ அனுப்பும். 2013இல் வந்த சர்வ்லெட் 3.1 முதல் செட் கன்டென்ட் லெங்த் லாங் இருக்கிறது. அதையே பயன்படுத்த வேண்டும். அளவைச் சொன்ன பிறகு கோப்பு மாறக் கூடாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பழைய ஸ்கேனுக்குப் பதில் புதிய ஸ்கேனை வைக்கும்போது அதே கோப்பின் மேல் எழுதாமல், வேறு பெயரில் முழுவதும் எழுதி முடித்த பின், அட்டாமிக் மூவ் என்ற விருப்பத்தோடு ஃபைல்ஸ் மூவ் மெத்தடால் இடம் மாற்ற வேண்டும். லினக்ஸில் இப்படிச் செய்தால், ஏற்கெனவே பழைய கோப்பைத் திறந்து படித்துக்கொண்டிருப்பவருக்கு அது முழுமையாகவே கிடைக்கும்.

இனிக் கோப்பின் பெயர். தமிழில் செயலி எழுதுபவர்கள் அனைவரும் ஒருமுறையாவது தடுக்கி விழும் இடம் இது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். கன்டென்ட்-டிஸ்பொசிஷன் ஹெடரில் அட்டாச்மென்ட் என்று எழுதி, ஃபைல்நேம் என்ற அளவுருவில் தமிழ்ப் பெயரை அப்படியே போட்டால், பயனரின் கணினியில் கேள்விக்குறிகளாகவோ பொருளற்ற குறிகளாகவோ சேமிக்கப்படும். ஹெச்டிடிபி ஹெடர்கள் மரபாக லத்தீன்-1 எழுத்துத் தொகுப்புக்குள் அடங்குபவை; தமிழ்க் குறிகளுக்கு அங்கே இடமில்லை. 2011இல் வெளியான ஆர்எஃப்சி 6266 என்ற இணையத் தர ஆவணம் இதற்கு ஒழுங்கான வழி சொல்கிறது: ஃபைல்நேம் என்ற சொல்லின் இறுதியில் ஒரு நட்சத்திரக் குறியைச் சேர்த்த இன்னோர் அளவுருவில், யூடிஎஃப்-8 என்ற எழுத்துமுறைப் பெயர், அடுத்தடுத்து இரண்டு ஒற்றை மேற்கோள் குறிகள், அதன் பின் விழுக்காட்டுக் குறியீட்டில் எழுதிய பெயர் என்ற வரிசையில் கொடுக்க வேண்டும். அறிக்கை என்ற சொல்லை எடுத்துக்கொண்டால், நம் கணக்கில் அது நான்கு எழுத்து; யூனிகோடில் ஏழு குறி; யூடிஎஃப்-8இல் 21 பைட்; விழுக்காட்டுக் குறியீட்டில் 63 எழுத்து. இது இயல்பானதே, அஞ்ச வேண்டியதில்லை. நட்சத்திரமில்லாத ஃபைல்நேமையும் உடன் வைத்து, அதில் நூல்-1041 என்பது போன்ற எளிய பெயர் ஒன்றை ரோமன் எழுத்தில் கொடுத்துவிட்டால், புதிய முறையை அறியாத பழைய மென்பொருள்களும் தடுமாறாது. இரண்டும் இருக்கும்போது இக்கால உலாவிகள் நட்சத்திரமுள்ளதையே எடுத்துக்கொள்கின்றன.

குறியீட்டு வடிவத்துக்கு மாற்றுவதற்கு ஜாவாவின் யூஆர்எல் என்கோடர் வகுப்பைப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது வலைப் படிவங்களுக்காக எழுதப்பட்டது. இடைவெளியைக் கூட்டல் குறியாக மாற்றும். அதனால்தான் சில தளங்களிலிருந்து இறங்கும் கோப்புகளின் பெயர்களில் சொற்களுக்கு நடுவே கூட்டல் குறிகள் நிற்கின்றன. அதன் விடையில் உள்ள கூட்டல் குறிகளை %20 என்று மாற்ற வேண்டும். அது மாற்றாமல் விட்டுவிடும் நட்சத்திரக் குறியையும் குறியீடாக மாற்ற வேண்டும். ஸ்பிரிங் என்ற ஜாவாக் கட்டமைப்பைப் பயன்படுத்துபவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. 5.0 பதிப்பு முதல் இருக்கும் கன்டென்ட் டிஸ்பொசிஷன் வகுப்பிடம் பெயரையும் யூடிஎஃப்-8 என்ற எழுத்துமுறையையும் கொடுத்தால் நட்சத்திர அளவுருவை அதுவே சரியாக எழுதிவிடும். சரத்தைக் கையால் ஒட்டி ஹெடர் செய்வதைவிட இதுவே பாதுகாப்பானது; பெயருக்குள் இரட்டை மேற்கோளோ வரிமுறிப்போ வந்து ஹெடரை உடைக்கும் வாய்ப்பும் இதனால் நீங்குகிறது.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு சிக்கலும் உண்டு. கொ என்ற எழுத்தை யூனிகோடில் இரு வழிகளில் எழுத முடியும்: ஒகரக் குறியை ஒரே குறியாக எழுதலாம், ஒற்றைக் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியாகவும் எழுதலாம். பழைய மேக் கணினிகளின் ஹெச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவில் சேமித்தது. அங்கிருந்து பதிவேற்றப்பட்ட பெயரும் விசைப்பலகையில் தட்டிய பெயரும் திரையில் ஒன்றாகவே தெரியும். ஜாவாவின் ஈக்வல்ஸ் மட்டும் அவை வேறு என்று சொல்லும். பதிவேற்றத்தின்போதே நார்மலைசர் வகுப்பின் என்எஃப்சி (சேர்த்து எழுதும்) வடிவுக்கு மாற்றிச் சேமித்துவிட்டால், தேடலிலும் பதிவிறக்கத்திலும் இந்தத் தொல்லை வராது.

பைட்டுகளை ஓடவிடுதல்

ரீட் ஆல் பைட்ஸ் மெத்தடால் கோப்பு முழுவதையும் ஓர் அணியில் படித்து, பிறகு அந்த அணியை மறுமொழியில் எழுதுவது சிறு கோப்புகளுக்குப் பொருந்தும். 300 மெகாபைட் நூலை ஒரே நேரத்தில் இருபது பேர் கேட்டால் 6 ஜிகாபைட் நினைவகம் தேவைப்படும். அவ்வளவு ஹீப் (ஜாவாச் செயலிக்கு ஒதுக்கிய நினைவகம்) இல்லாத செயலி அவுட் ஆஃப் மெமரி எரரோடு நிற்கும். கோப்பைத் துண்டு துண்டாகப் படித்து, படித்ததை உடனே எழுதினால், எத்தனை பெரிய கோப்பாக இருந்தாலும் ஒருவருக்குச் சில கிலோபைட் நினைவகமே போதும். 2011இல் வந்த ஜாவா 7இன் ஃபைல்ஸ் காப்பி மெத்தடும், 2017இல் வந்த ஜாவா 9இல் இன்புட் ஸ்ட்ரீமுக்குக் கிடைத்த டிரான்ஸ்ஃபர் டு மெத்தடும் இதைத்தான் செய்கின்றன. சுழற்சியைக் கையால் எழுத வேண்டிய தேவை இப்போது இல்லை. உள்ளீட்டு ஸ்ட்ரீமை டிரை-வித்-ரிசோர்சஸ் அமைப்புக்குள் திறக்க வேண்டும். மூடாமல் விட்ட ஒவ்வொரு ஸ்ட்ரீமும் இயங்குதளத்தின் கோப்புக் கைப்பிடி ஒன்றைப் பிடித்து வைத்திருக்கும். அவை தீர்ந்த நாளில் செயலியால் புதிய இணைப்பைக்கூட ஏற்க முடியாது. வெளியீட்டு ஸ்ட்ரீம் கன்டெய்னருக்குச் சொந்தமானது, அதை மூடுவதை அதனிடமே விடலாம். கெட் ரைட்டர், கெட் அவுட்புட் ஸ்ட்ரீம் ஆகிய இரண்டையும் ஒரே மறுமொழியில் அழைக்கக் கூடாது. இரண்டாவது அழைப்பு எக்செப்ஷனை எழுப்பும்.

நம் நிரலை இவ்வளவு கவனமாக எழுதிய பிறகும், நினைவகம் எங்கோ நிறைவதைக் காண நேரிடலாம். அப்போது ஃபில்டர்களை, அதாவது கோரிக்கைக்கும் மறுமொழிக்கும் இடையில் ஓடும் நிரல்களை, பார்க்க வேண்டும். மறுமொழியை லாக்கில் எழுதுவதற்காக ஸ்பிரிங்கின் கன்டென்ட் கேஷிங் ரெஸ்பான்ஸ் ராப்பரைப் பயன்படுத்தும் ஃபில்டர் ஏதாவது இருந்தால், அது உடல் பகுதி முழுவதையும் நினைவகத்தில் சேர்த்துக்கொள்ளும். ஷேலோ ஈடேக் ஹெடர் ஃபில்டரும் அப்படியே: ஈடேக் (கோப்பின் பதிப்பை அடையாளம் காட்டும் மதிப்பு) கணக்கிடுவதற்காக எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொண்டு, இறுதியில்தான் வெளியே விடும். பதிவிறக்க முகவரிகளை இத்தகைய ஃபில்டர்களிலிருந்து விலக்கிவிட வேண்டும். ஜிஜிப் சுருக்கத்திலிருந்தும் விலக்கலாம். ஸ்கேன் படங்கள் அடங்கிய பிடிஎஃப் ஏற்கெனவே சுருக்கப்பட்டது, மீண்டும் சுருக்கினால் சிபியுவின் நேரம்தான் வீணாகும்.

எனக்கு நேர்ந்த மிகக் கடினமான சிக்கல் நினைவகத்தில் வரவில்லை, தரவுதள இணைப்புகளில் வந்தது. ஒரு நாள் காலையில் புதிய தொகுதி ஒன்று வெளியாகி, பலர் ஒரே நேரத்தில் அதை எடுக்கத் தொடங்கினார்கள். சில நிமிடங்களில் உள்நுழைவுப் பக்கம் உட்பட செயலி முழுவதும் நின்றது. சிபியு சும்மா இருந்தது, நினைவகமும் போதுமான அளவு இருந்தது. த்ரெட் டம்ப் (செயலியின் ஒவ்வொரு இயக்க இழையும் அக்கணம் என்ன செய்கிறது என்ற பட்டியல்) எடுத்துப் பார்த்தபோதுதான் அனைவரும் தரவுதள இணைப்புக்காகக் காத்து நிற்பது தெரிந்தது. தரவுதள இணைப்புகளைச் சேர்த்து வைத்துத் தரும் ஹிகாரி சிபி பூலின் இயல்பான உச்சம் 10 இணைப்புகள். உரிமையைச் சோதிக்கும் நிரலையும் கோப்பை அனுப்பும் நிரலையும் நான் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் எழுதியிருந்தேன். ஆகவே கோப்பு இறங்கி முடியும் வரை ஒவ்வொரு பதிவிறக்கமும் ஓர் இணைப்பைப் பிடித்து வைத்திருந்தது. நொடிக்கு 1 மெகாபிட் கிடைக்கும் கைபேசியில் 300 மெகாபைட் இறங்க 40 நிமிடம் ஆகும். மெதுவான இணைப்பில் உள்ள பத்துப் பேர் போதும், செயலி முக்கால் மணி நேரம் எவருக்கும் பதில் சொல்லாது. தரவுதளத்திலிருந்து தேவையானதை எடுத்து, டிரான்சாக்‌ஷனை முடித்து, இணைப்பைத் திருப்பிக் கொடுத்த பிறகே முதல் பைட்டை எழுத வேண்டும் என்பதை அன்று கற்றேன். ஸ்பிரிங் பூட்டில் ஜேபிஏ (தரவுதளத்தை ஜாவாப் பொருள்கள் வழியே கையாளும் முறை) பயன்படுத்துபவர்கள் ஓப்பன்-இன்-வியூ என்ற அமைப்பையும் அணைத்துவிட வேண்டும். இயல்பாக அது இயங்கும் நிலையில் இருக்கிறது, கோரிக்கை முடியும் வரை இணைப்பைப் பிடித்து வைத்திருக்கவும் கூடும். கோப்புகளையே தரவுதளத்தில் பைனரியாகச் சேமிப்பதை நான் பரிந்துரைக்காததற்கும் இதுவே முதற்காரணம்.

த்ரெட்டுகளுக்கும் இதே கணக்குப் பொருந்தும். டாம்கேட்டின் இயல்பான உச்சம் 200 த்ரெட். மெதுவான பதிவிறக்கம் ஒவ்வொன்றும் ஒன்றை எடுத்துக்கொள்ளும். 2023இல் வந்த ஜாவா 21இன் விர்ச்சுவல் த்ரெட்டுகளை (இலகுவான இயக்க இழைகள்) ஸ்பிரிங் பூட் 3.2 முதல் ஒரே அமைப்பு வரியால் இயக்க முடியும். காத்திருக்கும் பதிவிறக்கங்களுக்கு அவை மிகவும் ஏற்றவை.

பயனர் நடுவில் ரத்து செய்தால், எழுதும் இடத்தில் ஐஓ எக்செப்ஷன் எழும்; டாம்கேட்டில் அதன் பெயர் கிளையன்ட் அபார்ட் எக்செப்ஷன். அது செயலியின் பிழை அன்று. அதைப் பிடித்துப் பிழைப் பக்கம் அனுப்ப முயல்வது பயனற்றது, ஏனெனில் மறுமொழி கமிட் ஆகிவிட்டது, கேட்பவரும் போய்விட்டார். லாக்கில் ஒற்றை வரித் தகவலாக எழுதினால் போதும். முழு ஸ்டாக் டிரேஸையும் எழுதினால் உண்மையான பிழைகள் அதற்குள் மறைந்துவிடும். வட்டிலிருந்து படிப்பதில் நேரும் பிழை இதற்கு நேர்மாறானது. அதை விழுங்காமல் மேலே விட வேண்டும். அப்போதுதான் கன்டெய்னர் இணைப்பை முறித்து, கோப்பு முழுமையாக வரவில்லை என்பதை உலாவிக்கு உணர்த்தும்.

விட்ட இடத்திலிருந்து தொடர்தல்

270 மெகாபைட் இறங்கிய பின் இணைப்பு அறுந்தவரை மீண்டும் தொடக்கத்திலிருந்து இறக்கச் சொல்வது அவருடைய நேரத்துக்கும் பணத்துக்கும் இழைக்கும் அநீதி. ஹெச்டிடிபியின் ரேஞ்ச் கோரிக்கை இதற்காகவே இருக்கிறது. இப்போது அதன் விதிகள் 2022இல் வெளியான ஆர்எஃப்சி 9110இல் உள்ளன. முழு மறுமொழியில் அக்செப்ட்-ரேஞ்சஸ் ஹெடரில் பைட்ஸ் என்று அறிவிக்க வேண்டும். உலாவி அடுத்த முறை ரேஞ்ச் ஹெடரில் தொடக்க எண்ணையும் இறுதி எண்ணையும் அனுப்பும். சர்வர் 206 என்ற நிலைக் குறியீட்டோடு, கன்டென்ட்-ரேஞ்ச் ஹெடரில் எந்தப் பகுதி, மொத்தம் எவ்வளவு என்று சொல்லி அந்தப் பகுதியை மட்டும் அனுப்ப வேண்டும். இரண்டு எண்களும் பகுதிக்குள் அடங்கியவை. 0-499 என்றால் 500 பைட். இறுதி எண் இல்லாமல் வந்தால் கோப்பின் முடிவு வரை. தொடக்க எண் இல்லாமல் -500 என்று வந்தால் கடைசி 500 பைட். தொடக்க எண் கோப்பின் அளவைத் தாண்டியிருந்தால் 416.

இடையில் கோப்பு மாறியிருந்தால் பழைய முற்பகுதியோடு புதிய பிற்பகுதி ஒட்டிக்கொண்டு, திறக்க முடியாத பிடிஎஃப் ஒன்று உருவாகும். இதைத் தடுக்க ஈடேக் தேவை. கோப்பின் எஸ்ஹெச்ஏ-256 மதிப்பை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்) பதிவேற்றத்தின்போதே கணக்கிட்டுச் சேமித்து அதையே ஈடேக்காகத் தரலாம். உலாவி இஃப்-ரேஞ்ச் ஹெடரில் அதைத் திருப்பி அனுப்பும். பொருந்தினால் 206, பொருந்தாவிட்டால் 200 என்று முழுக் கோப்பும் அனுப்பப்பட வேண்டும்.

இதைக் கையால் எழுதுபவர்கள் இன்புட் ஸ்ட்ரீமின் ஸ்கிப் மெத்தடை நம்பக் கூடாது. கேட்டதைவிடக் குறைவாகத் தாண்ட அதற்கு உரிமை உண்டு. ஜாவா 12 முதல் உள்ள ஸ்கிப் என் பைட்ஸ் மெத்தடோ, ஃபைல் சேனலின் பொசிஷன் மெத்தடோ உறுதியானவை. ஒரே கோரிக்கையில் பல பகுதிகள் கேட்கவும் விதி இடம் தருகிறது. ஒன்றன் மேல் ஒன்றாகப் படியும் நூற்றுக்கணக்கான பகுதிகளைக் கேட்டு அப்பாச்சி ஹெச்டிடிபி சர்வரை முடக்கும் தாக்குதல் 2011 ஆகஸ்டில் வெளிப்பட்டது. ஒற்றைப் பகுதியை மட்டும் ஏற்று, பல பகுதி கேட்பவருக்கு 200 என்று முழுக் கோப்பையும் தருவது விதிக்கு உட்பட்டது. பெரும்பாலான செயலிகளுக்கு அதுவே போதும். ஸ்பிரிங்கில் ஃபைல் சிஸ்டம் ரிசோர்ஸைத் திருப்பினால் ரேஞ்ச் கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும். இன்புட் ஸ்ட்ரீம் ரிசோர்ஸைத் திருப்பினால் பார்த்துக்கொள்ளாது, ஏனெனில் அதை ஒருமுறைதான் படிக்க முடியும்.

கேட்கும்போதே உருவாகும் கோப்புகள்

பத்து நூல்களை ஒரே ஜிப்பாகக் கேட்பவருக்கு, வட்டில் தற்காலிகக் கோப்பு எதுவும் இல்லாமல், ஜிப் அவுட்புட் ஸ்ட்ரீமை மறுமொழியின் மீதே திறந்து எழுதிக்கொண்டே போகலாம். மொத்த அளவு முன்கூட்டித் தெரியாததால் கன்டென்ட்-லெங்த் இல்லாமல், ஹெச்டிடிபி 1.1 இணைப்பில் மறுமொழி துண்டு முறையில் செல்லும். விழுக்காடு காட்டவோ தொடரவோ இயலாது. பெரிய தொகுப்புகளுக்கு ஜிப்பை முன்பே செய்து வைத்துவிடுவது நல்லது. உள்ளே இருக்கும் பெயர்கள் ஜாவா 7 முதல் இயல்பாகவே யூடிஎஃப்-8இல் எழுதப்படுவதால் தமிழுக்குத் தடையில்லை.

உறுப்பினர் பட்டியல் போன்றவற்றைச் சிஎஸ்வியாகத் தரும்போது, கோப்பின் தொடக்கத்தில் யூடிஎஃப்-8 பைட் வரிசைக் குறியின் மூன்று பைட்டுகளை எழுதினால்தான் எக்செல் அதை நேரடியாகத் திறக்கும்போது தமிழைச் சிதைக்காமல் காட்டும். சமக்குறி, கூட்டல், கழித்தல், அட் குறி ஆகியவற்றில் தொடங்கும் பயனர் உள்ளீடுகளை எக்செல் சூத்திரமாக எண்ணி இயக்க முயலும் என்பதால், அவற்றின் முன்னால் ஒற்றை மேற்கோளை இட வேண்டும்.

பைட்டுகளைச் சுமக்கும் வேலையைப் பிறரிடம் விடுதல்

முடிவெடுப்பது மட்டுமே ஜாவாவின் வேலையாக இருந்தால் போதும் என்ற நிலை பெரிய தளங்களில் விரைவில் வந்துவிடும். செயலிக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வர் இருந்தால், உரிமையைச் சோதித்த பின் உடல் பகுதியே இல்லாமல், எக்ஸ்-ஆக்சல்-ரீடைரக்ட் ஹெடரில் கோப்பின் உள்முகவரியை மட்டும் எழுதித் திருப்பலாம். இன்டெர்னல் என்று குறிக்கப்பட்ட அந்த இடத்தை வெளியிலிருந்து எவரும் நேரடியாகக் கேட்க முடியாது. கன்டென்ட்-டைப், கன்டென்ட்-டிஸ்பொசிஷன் ஆகியவற்றை நாம் எழுதியபடியே வைத்துக்கொண்டு, கோப்பையும் ரேஞ்சையும் என்ஜின்எக்ஸ் கவனித்துக்கொள்ளும். நம் த்ரெட் சில மில்லி நொடிகளில் விடுதலையாகிவிடும். நான் பராமரித்த செயலியில் இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு பதிவிறக்கம் தொடர்பான முறையீடுகள் ஏறக்குறைய நின்றுவிட்டன. முடிந்தவர்கள் அனைவரும் இதைச் செய்ய வேண்டும் என்றே சொல்வேன்.

கோப்புகள் அமேசானின் எஸ்3 சேமிப்பகத்தில் இருந்தால், உரிமைச் சோதனைக்குப் பின் கையொப்பமிட்ட தற்காலிக முகவரி ஒன்றை உருவாக்கி அங்கே திருப்பிவிடலாம். அதன் ஆயுள் ஏழு நாள் வரை இருக்க முடியும். சில நிமிடங்களே போதும். அந்த முகவரியைப் பெற்ற எவரும் அது காலாவதியாகும் வரை கோப்பை எடுக்கலாம் என்பதை மறக்கக் கூடாது.

வெளியிடுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள்

உலாவியில் ஒருமுறை சொடுக்கிப் பார்ப்பது சோதனை ஆகாது. கர்ல் என்ற கட்டளைவரிக் கருவியால் ஹெடர்களை மட்டும் வாங்கி, அளவும் பெயரும் சரியா என்று பார்க்க வேண்டும். முதல் நூறு பைட்டை மட்டும் கேட்டு, 206 வருகிறதா, சரியாக நூறு பைட் வருகிறதா என்று எண்ண வேண்டும். கர்லில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விருப்பம் உண்டு. நொடிக்கு 50 கிலோபைட் என்று வைத்து ஒரே நேரத்தில் இருபது பதிவிறக்கங்களைத் தொடங்கிவிட்டு, உள்நுழைவுப் பக்கம் அப்போதும் திறக்கிறதா என்று பார்த்தால், தரவுதள இணைப்புச் சிக்கல் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். இடைவெளியும் கொ போன்ற ஒகர வரிசை எழுத்தும் கொண்ட தமிழ்ப் பெயருள்ள கோப்பு ஒன்றை விண்டோஸ், ஆண்ட்ராய்டு, ஐஃபோன் ஆகிய மூன்றிலும் இறக்கிப் பார்க்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் வழியாக வேறு டொமைனிலிருந்து இறக்கும் பக்கமாக இருந்தால், அக்சஸ்-கன்ட்ரோல்-எக்ஸ்போஸ்-ஹெடர்ஸில் கன்டென்ட்-டிஸ்பொசிஷனைச் சேர்க்காத வரை ஸ்கிரிப்ட்டால் பெயரைப் படிக்க முடியாது.

கடைசியாக, மிகப் பெரிய கோப்பை இறக்கத் தொடங்கி, பாதியில் வைஃபையை அணைத்து, மீண்டும் இணைத்துத் தொடர்ந்து இறக்கி முடித்து, கிடைத்த கோப்பின் எஸ்ஹெச்ஏ-256 மதிப்பைச் சர்வரில் சேமித்திருக்கும் மதிப்போடு ஒப்பிட வேண்டும். நான் ஒவ்வொரு பதிப்பையும் வெளியிடும் முன் இந்த ஒப்பீட்டைச் செய்கிறேன். அதற்கு ஆவது பத்து நிமிடம்.